ரிப்போட்டில் 'பொசிட்டிவ்' என்று வந்தால்: ஹெர்பீஸ் கேள்வி பதில்

திருகோணமலையில் ஆய்வுகூட வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வைத்தியர் இல்லை, அதனால் டொக்டர் என்று கூப்பிட வேண்டாம். ஹெர்பீஸ் என்பது உதட்டிலோ பிறப்புறுப்பிலோ கொப்பளம், புண் போடும் வைரஸ் தொற்று. அதன் ரிப்போட்டை எப்படி வாசிப்பது என்று சொல்லுவேன், மருந்து சொல்ல மாட்டேன்.

உவர்மலையிலிருந்து ஒரு தங்கச்சி: கரு கலைந்த பிறகு டோர்ச் டெஸ்ட் (கர்ப்பத்தைப் பாதிக்கக்கூடிய சில தொற்றுகளுக்கான இரத்தப் பரிசோதனை) எடுத்தேன் அண்ணா. ஹெர்பீஸ் ஐஜிஎம் பொசிட்டிவ். அதிலிருந்து வீட்டில் கதைபேச்சு இல்லை.

அந்த ஒரு வரியை வைத்து அவரையும் சந்தேகப்படாதீங்கோ, உங்களையும் நோகாதீங்கோ. ஐஜிஎம் என்பது கிருமி தொற்றினால் உடம்பு முதலில் உருவாக்கும் எதிர்ப்புப் பொருள். வேறு பல கிருமிகளுக்கு ஐஜிஎம் வந்தால் புதுத் தொற்று என்று எடுக்கலாம். ஹெர்பீசுக்கு அந்தக் கணக்குச் சரிவராது. சின்ன வயதில் தொற்றிய பழைய வைரஸ் திரும்பத் தலைதூக்கினாலும் ஐஜிஎம் வரும். கூடுதலாக உதட்டில் வரும் முதலாம் வகையா, கூடுதலாகப் பிறப்புறுப்பில் வரும் இரண்டாம் வகையா என்றும் நம்பக்கூடியபடி பிரித்துச் சொல்லாது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையமான சிடிசி, ஹெர்பீசுக்கு ஐஜிஎம் பார்க்கவே வேண்டாம் என்கிறது. இங்கே டோர்ச் பட்டியலில் அது இன்னும் கிடப்பதுதான் எனக்குக் கோபம். கரு கலைந்ததற்கு இதுதான் காரணம் என்றும் அந்த ரிப்போட் காட்டாது.

மூதூர்த் தம்பி: எனக்கு ஒரு நாளும் புண் வந்ததில்லை. பயத்தில் நானே போய் எடுத்தேன். இரண்டாம் வகை ஐஜிஜி 1.8, பொசிட்டிவ் என்று போட்டிருக்கு.

தம்பி, ஐஜிஜி என்பது பிந்தி உருவாகி நிலைத்து நிற்கும் எதிர்ப்புப் பொருள். 'பொசிட்டிவ்' என்ற சொல்லை விட்டுவிட்டு அந்த 1.8ஐப் பாருங்கோ. அதை அளக்கப் பரவலாகப் பாவிக்கும் எலைசா டெஸ்ட் கிட்டுகளில் 0.9க்குக் கீழ் நெகட்டிவ், 1.1க்கு மேல் பொசிட்டிவ், நடுவில் வந்தால் சொல்ல முடியாது. (கிட்டுக்குக் கிட் அளவு மாறும், ரிப்போட்டின் ஓரத்தில் இருக்கும்.) சிக்கல் 1.1க்கும் 3க்கும் இடையில்தான். சிடிசியின் 2021 வழிகாட்டியில் வரும் ஒப்பீட்டில், இந்த இடைவெளியில் வந்த பொசிட்டிவ்களில் பத்துக்கு நாலு அளவுதான் வெஸ்டர்ன் பிளொட் என்ற உறுதிப்படுத்தும் டெஸ்ட்டில் உறுதியானது. மூன்றுக்கு மேல் போனவற்றிலும் ஐந்தில் ஒன்று பொய்.

ஏன் இப்படி? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கோ. ஆயிரம் பேரில் 20 பேருக்குத்தான் உண்மையில் தொற்று என்று வைப்போம். தொற்று இல்லாத நூறு பேரில் 95 பேருக்குச் சரியாக 'இல்லை' சொல்லும் நல்ல டெஸ்ட்டாக இருந்தாலும், மிச்ச 980 பேரில் 49 பேருக்குப் பொய்யாக 'இருக்கு' என்று சொல்லும். உண்மைப் பொசிட்டிவை விடப் பொய்தான் கூட. புண்ணும் இல்லை, துணைக்கும் இல்லை என்கிற ஆளுக்கு இந்த டெஸ்ட் எடுப்பது வம்பை விலைக்கு வாங்குவதுதான். பொய் பொசிட்டிவ் பற்றி அமெரிக்க மருந்து நிர்வாகமும் 2023இல் எச்சரித்தது.

வெஸ்டர்ன் பிளொட் செய்வது சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில். நமக்குக் கைக்கெட்டாது. வேறு முறையில் செய்யும் இரண்டாவது டெஸ்ட் ஒன்று கிடைக்குமா என்று கிளினிக்கில் கேளுங்கோ. அதுவரை அந்த 1.8ஐ நோய் என்று எழுதி வைக்காதீங்கோ.

நிலாவெளி: சம்பவம் நடந்து இரண்டு கிழமை. நெகட்டிவ். நிம்மதியாக இருக்கலாமா?

இன்னும் இல்லை. ஐஜிஜி உருவாக நாள் எடுக்கும். 12 கிழமை கழித்து வரும் நெகட்டிவைத்தான் நம்பலாம்.

தம்பலகாமம் அக்கா: மகளுக்குக் கல்யாணம் பேசுறோம். காய்ச்சல் வந்தால் உதட்டில் கொப்பளம் போடும். முதலாம் வகை பொசிட்டிவாம். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லவேணுமா?

உலகில் 50 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அளவினருக்கு முதலாம் வகை இருக்கு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பெரும்பாலும் சின்ன வயதில், முத்தம் எச்சில் வழியாக வருவது. மாப்பிள்ளைக்கே இருக்கக்கூடும். வைரஸ் உதட்டிலா கீழேயா என்று இரத்தம் சொல்லாது; உங்கட மகளுக்கு உதடு என்பது கண்ணால் தெரியுதே. ஊரைக் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கொப்பளம் இருக்கும் நாட்களில் முத்தம் வேண்டாம், முக்கியமாகக் கைக்குழந்தைகளுக்கு.

பெயர் இல்லாமல்: எண் கூடினால் நோய் கடுமையா?

இல்லை. எண் கூடினால் பொசிட்டிவ் உண்மையாக இருக்கும் வாய்ப்புத்தான் கூடும்.

கிண்ணியா: அப்ப எதைத்தான் நம்புறது?

புண்ணை. கொப்பளம் புதிதாக இருக்கும்போதே, முதல் ஓரிரு நாளில், அதிலிருந்து ஸ்வாப் எடுத்துப் பிசிஆர் செய்தால் வகையோடு தெரியும். காய்ந்த பிறகு எடுத்து நெகட்டிவ் வந்தால் அதற்குப் பெறுமதி குறைவு. திருகோணமலை ஆஸ்பத்திரியின் பாலியல் நோய் கிளினிக்குக்குக் கடிதம் தேவையில்லை, காசும் இல்லை, விசயம் வெளியே போகாது. கர்ப்பிணி என்றால் ஒரு நாளும் பிந்தாதீங்கோ. கடைசி மாதங்களில் முதல் தடவையாகத் தொற்றினால்தான் பிள்ளைக்கு ஆபத்துக் கூட. பிரசவ நேரம் புண் இருந்தால் சிசேரியன் செய்வார்கள், ஆகவே வெட்கப்பட்டு மறைக்காமல் வாட்டில் முதலே சொல்லிப்போடுங்கோ.