பத்தாம் வகுப்புப் புவியியல்: படித்தது மறக்காமல் இருக்க என்ன வழி?

மகள் ராத்திரி படித்ததைக் காலையில் மறந்துவிடுகிறாள், வரைபடத்திலும் மதிப்பெண் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் வரைபடத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடுவதுதான் சிக்கல். முதலில் அதை எடுக்கச் சொல்லுங்கள்.

கோதாவரியைப் பாருங்கள். நாசிக் பக்கம் திரிம்பகத்தில் பிறக்கிறது. அங்கிருந்து அரபிக்கடல் சுமார் 80 கிலோமீட்டர்தான். ஆனாலும் 1,465 கிலோமீட்டர் ஓடி வங்கக்கடலில் கலக்கிறது. ஏன்? தக்காணப் பீடபூமி கிழக்கே சரிந்திருக்கிறது. இது புரிந்தால் கிருஷ்ணா, காவிரியைத் தனியாக உருப்போட வேண்டாம். அப்படியானால் நர்மதை ஏன் மேற்கே போகிறது? விந்தியத்துக்கும் சாத்பூராவுக்கும் நடுவே உள்ள பிளவுப் பள்ளத்தாக்கில் (நிலம் பிளந்து தாழ்ந்த பள்ளத்தில்) ஓடுவதால். "காரணம் கூறுக" கேள்விக்கு இந்த ஒற்றை வரியே விடை.

மழையும் அப்படித்தான். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி கேரளத்தில் கொட்டிவிடுகிறது; மலைக்கு மறுபக்கம், மழை மறைவுப் பகுதியில் இருக்கும் நம் தமிழ்நாட்டுக்கு அதில் மிச்சம்தான். வடகிழக்குக் காற்று வங்கக்கடல் ஈரத்தோடு வரும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் நமக்கு நல்ல மழை.

அப்புறம், தினம் ஒரு வெற்று வரைபடம், பத்தே நிமிடம். புத்தகத்தை மூடிவிட்டு ஆறு, மலை, மண் வகை குறிக்கட்டும், பிறகு திறந்து தப்பைத் திருத்தட்டும். கடகரேகை (இந்தியாவின் குறுக்கே போகும் கற்பனைக் கோடு) கடக்கும் 8 மாநிலங்களை குஜராத்தில் தொடங்கி மிசோரம் வரை விரலால் இழுத்துப் பழகினாலே போதும். வண்ணப் பென்சில் அலங்காரமெல்லாம் வேண்டாம், நேரம்தான் வீண்.