பிரேசிலின் அமேசான் காடழிப்பு உண்மையில் குறைந்திருக்கிறதா?

ஓரிரு ஆண்டுகளின் எண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் இக்கேள்விக்கு எந்த விடையையும் சொல்லிவிடலாம் என்பதால், நீண்ட வரிசையையே பார்க்க வேண்டும். பிரேசிலின் விண்வெளி ஆய்வு நிறுவனமான இன்பே, 1988 முதல் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு, அமேசானில் அடியோடு அழிக்கப்பட்ட இயற்கைக் காட்டின் பரப்பை ஆண்டுதோறும் கணக்கிட்டு வருகிறது. 2004இல் ஏறத்தாழ 27,800 சதுர கிலோமீட்டராக இருந்த இழப்பு, 2012இல் சுமார் 4,600க்கு இறங்கியது. 2004இல் தொடங்கிய உடனடி எச்சரிக்கை முறைக்கும், புதிதாக அழித்த நிலத்தில் விளைந்த சோயாவை வாங்குவதில்லை என்று 2006இல் வணிகர்கள் செய்துகொண்ட உடன்பாட்டுக்கும், சுற்றுச்சூழல் விதிகளை மீறிய பண்ணைகளுக்குக் கடனை மறுத்த 2008ஆம் ஆண்டு வங்கி விதிக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. இவற்றுள் கடன் விதிக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்றே கருதுகிறேன். பின்னர் கண்காணிப்பு தளர, 2021இல் இழப்பு 13,000ஐ எட்டி, 2024இல் 6,300 அளவுக்குத் தணிந்தது.

அதே 2024இல் உலகளாவிய மரப்பரப்பு இழப்புத் தரவு பிரேசிலில் இழப்பு பெரிதும் உயர்ந்ததாகக் காட்டுவது முரண்பாடு அன்று. அத்தரவு தீயில் கருகிய காட்டையும், தோட்டங்களில் அறுவடையான யூகலிப்டஸ் மரங்களையும்கூடச் சேர்த்துக்கொள்கிறது. அவ்வாண்டு வறட்சியால் தீ கடுமையாக இருந்தது. தவிர, இன்பேயின் கணக்காண்டு ஆகஸ்டில் தொடங்கி ஜூலையில் முடிவதால், தீ மிகுந்த ஆகஸ்டும் செப்டம்பரும் அடுத்த ஆண்டின் கணக்கில்தான் சேரும்.