என் மகன் காலேஜ் நண்பர்களோடு சேர்ந்து ஒரு பழைய சினிமாப் பாட்டை அப்படியே திரும்ப எடுக்கிறான். இதில் எடிட்டிங் கற்றுக்கொள்ள முடியுமா? கம்ப்யூட்டர் வேறு கேட்கிறான், வாங்கித் தரலாமா?

முடியும். ஆனால் ஷூட்டிங்கில் இல்லை, எடுத்ததைக் கொண்டுவந்து உட்கார்ந்து ஒட்டும்போதுதான். உங்கள் பையன் இன்னும் ஷூட்டிங்கில்தான் திரிகிறான் என்றால் பாடம் இன்னும் ஆரம்பிக்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு முன்னால் பதில் போட்டவர்கள் "காப்பி அடிப்பதில் என்ன படிப்பு இருக்கிறது", "டிகிரியை முடிக்கச் சொல்லுங்கள்" என்று எழுதியிருப்பதைப் பார்த்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன். நான் சினிமா எடிட்டர் கிடையாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராமேஸ்வரம் போகும் வழியில் மண்டபம் என்ற ஊர்ப் பக்கம் சின்ன ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, எல்லாவற்றையும் எடியஸ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில் போட்டு வெட்டிக்கொண்டிருப்பவன். ஸ்டுடியோக்காரனுக்கு எடிட்டிங் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்கள், ஆறு மணி நேர ஃபுட்டேஜில் மாப்பிள்ளையின் அம்மா முகம் சுளிக்காத ரெண்டு நிமிஷத்தைத் தேடி எடுத்துவிட்டு வந்து பேசட்டும்.

என் அக்கா மகள் ராமநாதபுரத்தில் டிகிரி படிக்கிறாள். ஒரு மே மாதம் நடந்தது இது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. கூடப் படிக்கும் பையனின் அப்பா படகு பாம்பனில் சும்மா கட்டிக் கிடந்தது. காலேஜும் லீவு. படகு இருக்கு, கடல் இருக்கு, ஒருத்தனிடம் நல்ல போன் இருக்கு என்று கிளம்பிவிட்டார்கள். எண்பதுகளில் வந்த கடற்கரை டூயட். எந்தப் பாட்டு என்று சொல்ல மாட்டேன், சொன்னால் கமெண்டில் ரசிகர் சண்டை ஆரம்பமாகிவிடும்.

என்னிடம் அவள் வந்தது ட்ரைபாட் இரவல் கேட்க.

"தர்றேன். மொதல்ல அந்தப் பாட்டை நோட்டுல எழுதிட்டு வா."

"வரியா மாமா?"

"வரி எதுக்கு? ஷாட்டை எழுது."

சத்தத்தை அணைத்துவிட்டு, ஒவ்வொரு வெட்டிலும் நிறுத்தி, குளோசப்பா, மிட் ஷாட்டா, எத்தனை செகண்டு நிற்கிறது, யார் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள், யார் எந்தப் பக்கமிருந்து ஃபிரேமுக்குள் வருகிறார்கள், எல்லாம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவள், திரும்பி வந்தபோது கண் விரிந்திருந்தது. "சரணத்துல ஒரு ஷாட்டு அப்படியே நிக்குது மாமா, வெட்டவே இல்ல. இத்தன வருஷம் பாத்தும் தெரியல." பாதிப் படிப்பு அந்த நோட்டிலேயே முடிந்தது என்பேன். நாலு பேர் காப்பி என்று சொல்வது இதைத்தான்.

ஷூட்டிங்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ரெண்டு விஷயம் தவிர. ஸ்லோமோஷனில் வாயசைப்பு வேண்டும் என்றால் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட விட வேண்டும். போனில் செகண்டுக்கு 60 ஃபிரேமில் எடுத்து 30 ஃபிரேமில் ஓட்டினால் அசைவு பாதி வேகமாகும், உதடு மட்டும் பாட்டோடு சரியாக உட்காரும். எடுக்கும்போது பார்க்கத்தான் சகிக்காது. ஸ்பீக்கரில் கீச்சுக் குரல், நடிக்கிற பெண் படபடவென்று வாயை அசைக்கிறாள், வலை பின்னிக்கொண்டிருந்த ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். இன்னொன்று, லாங் ஷாட்டில் ஸ்பீக்கரைக் கேமரா பக்கத்தில் வைக்கக் கூடாது. 30 மீட்டர் தள்ளி நிற்பவன் காதுக்குச் சத்தம் போய்ச் சேர்வதற்குள் ரெண்டு மூன்று ஃபிரேம் ஓடிவிடும். உதடு பிந்தும். ஸ்பீக்கரை நடிப்பவன் காலடியில், ஃபிரேமுக்கு வெளியே வைத்தால் தொல்லை இல்லை.

ட்ரோன் நினைப்பு இருந்தால் விட்டுவிடச் சொல்லுங்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானதளம், எதிரே இலங்கை. பறக்கவிட்டவனைத் தேடி ஆள் வரும்.

இப்போது எடிட்டிங். அவள் அதுவரை போனில் கைன்மாஸ்டர் ஆப் மட்டும் தொட்டவள். என் கடை சிஸ்டத்தில் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தேன், இலவசப் பதிப்பே போதும், வாட்டர்மார்க் விழாது. முதல் தலைவலி, பாட்டு முழுவதையும் ஒரே ஓட்டமாக எடுத்து வைத்திருந்த ஷாட்டில் ஆரம்பத்தில் உதடு சரியாக இருக்கிறது, போகப் போக விலகுகிறது. போன் கேமரா வெளிச்சத்துக்குத் தகுந்தாற்போல் ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும், எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு அது ஆகாது. எல்லாவற்றையும் ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாஃப்ட்வேரில் போட்டு நிலையான ஃபிரேமுக்கு மாற்றிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். உங்கள் பையனும் இதில் மாட்டுவான். மாட்டும்போது நீங்களாகச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள், தேடட்டும்.

முதல் தடவை ஒட்டியபோது தாளத்துக்குத் தாளம் வெட்டி வைத்திருந்தாள். பார்க்க என்.சி.சி பரேடு மாதிரி இருந்தது. நோட்டை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். ஒரிஜினலில் பாதிக்கு மேல் தாளத்தில் வெட்டவே இல்லை. தலை திரும்பும்போது, கை உயரும்போது, உட்கார்ந்தவர் எழும்போது, அந்த அசைவுக்கு நடுவில் வெட்டியிருக்கிறார்கள். பார்ப்பவன் கண் அசைவின் பின்னால் ஓடுவதால் வெட்டு தெரியாது. அதைப் பிடித்துக்கொண்ட பிறகு அவள் கை மாறிவிட்டது.

பிறகு வந்தது பெரிய வம்பு. மே மாதம் இங்கே கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று. தென்கடல், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், அடித்து நொறுக்கும். வடகடல், பாக் நீரிணைப் பக்கம், அசையாமல் கிடக்கும். ஐப்பசி கார்த்திகையில் வாடை பிடித்தால் தலைகீழ். இந்தப் பிள்ளைகள் என்ன செய்திருக்கிறார்கள் என்றால், பையனை அலை வேண்டும் என்று தனுஷ்கோடி ரோட்டுக்குத் தெற்கே நிறுத்தி எடுத்துவிட்டு, பெண் பாவாடை தாவணி நனையும் என்று சொன்னதால் அவளை வடக்கே நிறுத்தி எடுத்திருக்கிறார்கள். ரோட்டைத் தாண்டினால் இன்னொரு கடல், அவர்களுக்கு வசதி. டைம்லைனில் வைத்தால் அவன் பின்னால் ஆள் உயர அலை, அவள் பின்னால் கண்ணாடித் தண்ணீர். ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துப் பாடுகிறார்கள்!

கலர் கரெக்‌ஷனில் தண்ணீர் நிறத்தை ஓரளவு சேர்க்கலாம். அலையை எங்கிருந்து கொண்டுவருவது? படகு ஷாட்டு, கயிறு, பறவை என்று நடுவில் ஏதாவது வைத்து மறைக்கச் சொன்னேன். பெரும்பாலான இடத்தில் அப்படியே செய்தாள். ஒரே ஒரு இடத்தில் மாட்டேன் என்றுவிட்டாள். அந்தப் பெண் திரும்பிப் பார்க்கும் பார்வை ஒன்று இருக்கிறது, உண்மையிலேயே நன்றாக வந்திருந்தது. நேராக அவன் முகத்திலிருந்து அதற்கு வெட்ட வேண்டும் என்று அடம்.

"கடல் மாறுதும்மா."

"வால்டர் மர்ச் என்ன சொல்லியிருக்கார் தெரியுமா மாமா? வெட்டுக்கு ஆறு அளவுகோல். உணர்ச்சிக்கு 51 சதவீதம். ஆள் எங்க நிக்குறான், இடம் சரியா இருக்காங்கிறது கடைசி, 4 சதவீதம்."

யூடியூபில் பார்த்துவிட்டு வந்து எனக்கே வகுப்பு எடுக்கிறாள். ஹாலிவுட் எடிட்டர், ஆஸ்கார் வாங்கியவர், நான் என்ன பதில் சொல்ல? சரி போ என்றேன்.

முடித்ததும் பையன் வீட்டு வாசலில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் போட்டார்கள். காலேஜ் பிள்ளைகள் விசில் அடித்தார்கள். அந்த இடம் வந்ததும் பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், காலமெல்லாம் வல்லத்தில், அதாவது நாட்டுப்படகில், கடலுக்குப் போனவர், சத்தமாகக் கேட்டார்: "ஏத்தா, பய தெக்க நிக்கிறான், புள்ள வடக்க நிக்கிது, எப்புடிப் பாத்துக்கிறாக?" கூட்டம் முழுக்கச் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை, போனில் நோட் போட்டுக்கொண்டிருந்தாள். ஆனாலும் வெட்டை மாற்றவில்லை. வெளியூரில் பார்த்த ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை என்பது அவள் வாதம். எனக்கு இன்றைக்கும் அந்த இடம் உறுத்தும். யார் சரி என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வீடியோவை ஏற்றியதும் வந்த கமெண்டுகளில் "பேய் ஊர்ல பாட்டா?" என்று பல பேர். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் போக முடியாது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடி ஊரை அழித்தது உண்மை, வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்ததும் உண்மை. அதற்காக அங்கே கம்பிப்பாடு என்ற குப்பத்தில் இன்றும் குடிசை போட்டு மீன்பிடித்துப் பிழைக்கிறவர்கள் எல்லாம் பேயா? கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அந்தப் பெண்களிடமே கருவாடும் சங்கும் பேரம் பேசி வாங்கிக்கொண்டு, ஊருக்குப் போய் "ஆளில்லாத அமானுஷ்ய நகரம்" என்று தம்ப்நெயில் போடுகிறார்கள். கல்யாண ஜோடிகளை அழைத்து வரும் டீம்கள் இன்னும் மோசம். பவளக்கல்லில் கட்டிய சர்ச்சுச் சுவர், ஏற்கெனவே உதிர்ந்துகொண்டிருக்கிறது, அதன் மேல் ஏறி நின்று போஸ். நானும் அதே தொழில்தான், அதனால்தான் சொல்கிறேன். சரி, விடுங்கள்.

காப்பிரைட் பற்றி யாராவது உங்களைப் பயமுறுத்துவார்கள். ஒரிஜினல் பாட்டையே போட்டால் பாட்டை அடையாளம் காணும் யூடியூபின் கன்டென்ட் ஐடி பிடிக்கும், பாட்டு எங்களுடையது என்று கிளெய்ம் வரும், விளம்பரக் காசு பாட்டுக் கம்பெனிக்குப் போகும். சில சமயம் வீடியோவையே தடுத்தும் வைப்பார்கள். அது ஸ்ட்ரைக், அதாவது சேனல் மேல் விழும் காப்பிரைட் எச்சரிக்கை, கிடையாது. 90 நாளுக்குள் 3 ஸ்ட்ரைக் வந்தால்தான் சேனலுக்கு ஆபத்து. கற்றுக்கொள்ள எடுத்த வீடியோவில் சம்பாதிக்கிற எண்ணம் இருந்தால்தான் இதெல்லாம் பிரச்சினை.

கம்ப்யூட்டர் உடனே வேண்டாம். முன்பு ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசு கொடுத்துவந்த லேப்டாப் ஏதாவது வீட்டில் கிடந்தால் அதில் கேடன்லைவ் என்ற இலவச எடிட்டிங் சாஃப்ட்வேர் போட்டு, எடுத்த ஷாட்டுகளுக்குச் சின்ன அளவில் ப்ராக்ஸி, அதாவது லேசான நகல், பண்ணி வெட்டச் சொல்லுங்கள். திணறும், அழ வைக்கும், ஆனால் வெட்டலாம். ஒரு பாட்டை அதில் முழுசாக முடித்துக் காட்டினான் என்றால் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். 16 ஜிபி ராம், எஸ்.எஸ்.டி, ஓரளவு கிராஃபிக்ஸ் கார்டு. முடிக்காமல் பாதியில் அடுத்த பாட்டுக்குத் தாவினால் வாங்காதீர்கள். உங்கள் வீடும் எங்களைப் போலக் கடலோரம் என்றால் சி.பி.யூவை ஜன்னல் பக்கம் வைக்க விடாதீர்கள். உப்புக்காற்றில் யூ.எஸ்.பி ஓட்டையெல்லாம் பச்சை பூத்துவிடும், வாரண்டியிலும் மாற்றித் தர மாட்டார்கள்.