முகாம் படிவத்தில் வலிப்பை மறைக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் உண்டு, முப்பது சொற்களுக்கு மேல் பேசமாட்டான். வலிப்புக்கு மருந்து சாப்பிடுகிறான், கடைசியாக வந்து எட்டு மாதம் ஆகிறது. கோடை விடுமுறையில் அவனையும் அவன் அக்காவையும் ஒரு முகாமில் சேர்க்க விரும்புகிறோம். இடம் பிடித்துத் தரும் முகவர், "படிவத்தில் வலிப்பை எழுதாதீர்கள், எழுதினால் சேர்க்கமாட்டார்கள். முகாம் முடிவதற்குள் பையன் பேசிவிடுவான்" என்கிறார். வீட்டில் சும்மா வைத்திருந்தால் படித்ததெல்லாம் மறந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: எழுதுங்கள், அம்மா. பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

படிவத்தில் "பிற உடல்நலக் குறைகள்" என்று ஒரே ஒரு வரி இருக்கும். பள்ளியின் பெயருக்கு இரண்டு வரி, புகைப்படத்துக்கு ஒரு கட்டம், பிள்ளையின் உயிருக்கு அரை விரல் இடம். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. நீங்கள் தனித்தாள் ஒன்றை இணைத்துவிடுங்கள். அவனுக்கு வலிப்பு எப்படித் தொடங்கும், வெறித்துப் பார்ப்பானா, கை வெட்டி இழுக்குமா என்பதை முதலில் எழுதுங்கள். பிறகு மருந்தின் பெயரும் நேரமும். வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். கீழே உங்கள் தொலைபேசி எண்.

அதைப் படித்துவிட்டுக் கையை விரிக்கும் முகாம் உங்களுக்கு உபகாரம்தான் செய்கிறது. விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கும் சம இடம் வேண்டும் என்று 2006-இல் ஐ.நா. சபை ஏற்ற உடன்படிக்கையின் 30-ஆம் பிரிவு சொல்கிறது. பெரும்பாலான நாடுகள் அதில் கையெழுத்திட்டுவிட்டன. மை காய்ந்து எவ்வளவோ காலம் ஆகிறது. முகாம் வாசல்களில் சாய்தளம்தான் இன்னும் வந்துசேரவில்லை.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மற்ற விளையாட்டுகளில் அவன் எல்லோரையும்போல ஓடட்டும், விழட்டும். நீச்சல் குளத்தில் மட்டும் அந்தக் கணக்கு செல்லாது. தண்ணீரில் வலிப்பு வந்தால் பிள்ளை கத்தமாட்டான், கையை அடிக்கமாட்டான்; ஓசையில்லாமல் மூழ்கிவிடுவான். இடுப்பளவு ஆழமும் ஆபத்துதான், குளியல் தொட்டியும் ஆபத்துதான். போதாததற்கு, ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் கட்டுக்கடங்காத ஈர்ப்பு. கரையில் நிற்கும் காவலர் குளம் முழுவதையும் பார்ப்பவர், உங்கள் மகனை மட்டும் பார்ப்பவர் அல்லர். நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில், அவனை மட்டும் பார்த்துக்கொண்டு, கையில் கைபேசி இல்லாமல் இருக்க வேண்டும். அப்படி ஆள் இருந்து, உங்கள் மருத்துவரும் சரி என்றால் இறங்கட்டும். இல்லையென்றால் குழாயடியில் நின்று நனையட்டும். எட்டு மாதமாக வரவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

இனி அந்த முகவர். "பேசிவிடுவான்" என்கிறாரே, அதை எழுதிக் கையெழுத்திட்டுத் தரச்சொல்லுங்கள். அப்புறம் ஆளைக் காணமுடியாது. இந்த மாதிரி முகாம்களின் கடைசி நாளில் நடக்கும் ஒரு காட்சியை நான் அறிவேன். பயிற்சியாளர் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்திருப்பார். பிள்ளையின் விரல் எழுத்துப் பலகையைத் தொடும். திரையில் "அம்மா, எனக்கு உன்னை மிகவும் பிடிக்கும்" என்று வரும். எந்தத் தாய் அழமாட்டாள்? அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பது பலகையை அல்ல, ஜன்னலை. 1990-களிலேயே இதைச் சோதித்துவிட்டார்கள்: பிள்ளைக்கு ஒரு படம், கை பிடிப்பவருக்கு வேறு படம் காட்டினால், திரையில் வருவது கை பிடிப்பவர் பார்த்த படம். அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் 2018-இல், இம்முறையைப் பயன்படுத்தவே கூடாது என்றது. பெயரை மாற்றி இன்னும் விற்கிறார்கள். பிள்ளை தானாகப் படத்தையோ எழுத்தையோ சுட்டிக்காட்டுவது வேறு, அது நிஜம். யார் கை நகர்கிறது என்று மட்டும் பாருங்கள்.

மறதி பற்றிய பயம் பாதி நியாயம். 1996-இல் அமெரிக்க ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பரும் மற்றவர்களும் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கோடை விடுமுறையில் சுமார் ஒரு மாதப் படிப்பு நழுவுவதாகத் தெரிந்தது. வாசிப்பைவிடக் கணக்கில் அதிகம். அதற்காகப் பயிற்சிப் புத்தகங்களை அடுக்காதீர்கள். உங்கள் மகனுக்கு முதலில் குலைவது நாளின் ஒழுங்கு. ஓர் அட்டையில் இரண்டு படம் ஒட்டுங்கள்: இடப்பக்கம் "முதலில்", வலப்பக்கம் "பிறகு". முதலில் துணி மடிப்பது, பிறகு ஊஞ்சல். மடித்ததும் அந்தப் படத்தை அவனே பிய்த்தெடுக்கட்டும். சட்டைகளை எண்ணுவதும் கணக்குதான். கதைகளுக்கு ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. 2015-இல் தொடங்கியது, தமிழ் உட்படப் பல மொழிகளில் இலவசமாகப் பதிவிறக்கலாம். ஒரே கதையைப் பத்து நாள் கேட்டால் பத்து நாளும் படியுங்கள்.

பணம் கட்டும் முன், முகாம் நடக்கும் நேரத்தில் போய் அரை மணி நேரம் நின்று பாருங்கள். உள்ளே விடாத இடத்தில் சேர்க்காதீர்கள். அக்காவை வேறு குழுவில் போடச் சொல்லுங்கள். "தம்பியை அவளே பார்த்துக்கொள்வாள்" என்று முகாமில் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்; அவளுக்கும் அது விடுமுறை.