4 டெராபைட் டிஸ்க் இருந்தும் கேமரா பதிவு ஒரே நாளில் நிற்பது ஏன்?

கேள்வி: வில்லிவாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நான் செயலாளர். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில், ரிச்சி தெருவில் புதிதாக வாங்கிய 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கை மாட்டி, உபுண்டு சர்வர் இயங்குதளமும், கேமராப் பதிவுக்கான ஜோன்மைண்டர் மென்பொருளும் போட்டோம். நான்கு கேமராக்கள், ஒவ்வொன்றும் 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்). ஒரு நாள் ஓடுகிறது, மறுநாள் பதிவு நின்றுவிடுகிறது. கேமரா மாட்டியவர், "இந்த சர்வர் தாங்காது, புதுசு வாங்குங்க. சாஃப்ட்வேருக்கும் வருஷா வருஷம் லைசன்ஸ் கட்டணும்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: புது சர்வர் வேண்டாம். லைசன்ஸ் என்று ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஜோன்மைண்டர் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் கிடைக்கும் மென்பொருள். அதற்கு ஆண்டுக் கட்டணம் கிடையாது. வந்து பார்த்துச் சரிசெய்வதற்குக் கூலி கேட்டால் அது நியாயம், கொடுங்கள். ஆனால் ரசீதில் 'பராமரிப்பு' என்றே எழுதி வாங்குங்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 2 எம்பிபிஎஸ் கேமரா ஒரு நாளைக்கு 21.6 ஜிபி எழுதும். நான்கும் சேர்ந்தால் 86.4 ஜிபி. பெரிய டிஸ்க்கில் உபுண்டு சர்வரை எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிறகு கூட்டக்கூடியபடி பிரிக்கும்) முறையில் நிறுவும்போது, நாம் மாற்றிச் சொல்லாவிட்டால், அது 100 ஜிபியை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு மீதியைச் சும்மா விட்டுவிடும். அதில் சிஸ்டத்துக்குப் போக மிஞ்சுவது ஒரு நாள் பதிவுக்குத்தான் காணும். சம்ப் நிறையத் தண்ணீர் இருக்கிறது, மாடியில் இருப்பதோ சின்ன டேங்க். உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறே இல்லை.

டிஸ்க்கில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும் 'டிஎஃப்' கட்டளையைக் கொடுத்தால் தெரிந்துவிடும். 100 ஜிபி அளவில் 100 சதவீதம் என்று காட்டினால் நான் சொன்னதுதான். 'எல்விஎக்ஸ்டெண்ட்' கட்டளையால் மீதி இடம் முழுவதையும் சேர்க்கலாம், பதிவுகள் அழியாது. கட்டளையோடு 'ஆர்' என்ற தெரிவையும் கொடுங்கள், ஃபைல் சிஸ்டமும் சேர்ந்து விரியும். டிஸ்க் முழுக்க நிரம்பிக் கிடந்தால் இந்தக் கட்டளையே தடுமாறும். அதனால் முதலில் 'ஆப்ட் கிளீன்' கட்டளையால் பழைய நிறுவல் கோப்புகளை நீக்கிக் கொஞ்சம் இடம் விடுவியுங்கள். பதிவுக் கோப்புகளைக் கையால் அழிக்காதீர்கள். டேட்டாபேஸில் அவற்றின் பெயர் அப்படியே நிற்கும், இல்லாத பதிவுகளெல்லாம் திரையில் பட்டியலில் வரும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதை நிதானமாகப் படியுங்கள். சிஸ்டம் வேறொரு சின்ன டிஸ்க்கில் இருந்து, 4 டெராபைட் டிஸ்க் தனியாக இருந்தால் மேலே சொன்னது பொருந்தாது. அதைத் தனியாக மவுண்ட் செய்து, அதாவது ஒரு ஃபோல்டரோடு இணைத்து, ஜோன்மைண்டரின் 'ஸ்டோரேஜ்' பகுதியில் சேர்க்க வேண்டும். கரண்ட் போய் வந்த பிறகு ஏதோ காரணத்தால் அந்த டிஸ்க் மவுண்ட் ஆகாமல் போனால், மென்பொருள் அதே பெயருள்ள காலி ஃபோல்டரில், அதாவது சின்ன டிஸ்க்கில், சத்தமில்லாமல் எழுதிக்கொண்டே இருக்கும். மறுநாள் எல்லாம் நிற்கும். ஆகவே எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் 'எஃப்எஸ்டாப்' கோப்பில், டிஸ்க்கை அதன் யுயுஐடியால் (மாறாத அடையாள எண்ணால்) குறிப்பிடுங்கள். மவுண்ட் செய்வதற்கு முன் அந்தக் காலி ஃபோல்டரை ரூட் (சர்வரின் முழு அதிகாரமுள்ள பயனர்) மட்டுமே எழுதக்கூடியதாக வையுங்கள். மவுண்ட் ஆன பிறகு, உள்ளே இருக்கும் டிஸ்க்குக்கு மட்டும் ஜோன்மைண்டர் ஓடும் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' பயனருக்கு உரிமை கொடுங்கள். டிஸ்க் வராவிட்டால் பதிவு உடனே பிழை காட்டி நிற்கும், அன்றே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று. மொபைலில் பார்க்க வேண்டுமென்று, வெளியிலிருந்து யாரும் நுழையும்படி ரவுட்டரில் போர்ட் (இணைய வழி) திறந்துவிட்டிருக்கிறாரா என்று கேமரா மாட்டியவரிடம் கேளுங்கள். திறந்திருந்தால் இன்றே மூடச் சொல்லுங்கள். புதிதாக நிறுவிய ஜோன்மைண்டர் கடவுச்சொல்லே கேட்காது. கடவுச்சொல் கேட்கும் வசதியை நாம்தான் இயக்க வேண்டும். இயக்கினாலும் பெயர் 'அட்மின்', கடவுச்சொல்லும் 'அட்மின்'. 2016இல் மிராய் என்ற தீநிரல், இப்படிக் கடவுச்சொல் மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துத்தான் இணையத்தின் பெரிய தளங்களையே முடக்கியது. வெளியிலிருந்து பார்க்க, வயர்கார்டு என்ற பாதுகாப்பான விபிஎன் இணைப்பு போதும். ரூட் கடவுச்சொல்லைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் ஆளுக்கு மீதிப் பணம் கொடுக்காதீர்கள். நாளைக்கு உங்கள் வீட்டு வாசலை நீங்கள் பார்க்கவும் அவரைத்தான் அழைக்க வேண்டிவரும்.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான்: எத்தனை கேமரா மாட்டினீர்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள், கேமரா இருக்கிறது என்று எச்சரிக்கைப் பலகை வைத்தீர்களா என்றும் கேட்கிறார்கள். பதிவு ஓடுகிறதா என்று கேட்க ஓர் ஆள் இல்லை. திருட்டு நடந்த பிறகுதான் மூன்று வாரமாகப் பதிவே இல்லை என்று தெரிகிறது. மூன்று கொட்டேஷன் வாங்கிக் குறைந்ததைப் பிடிக்கும் சங்கங்களும் இதைக் கேட்பதில்லை.

இடத்தைக் கூட்டிய பின் ஜோன்மைண்டரின் 'பர்ஜ்வென்ஃபுல்' வடிப்பான் (ஃபில்டர்) பின்னணியில் ஓடுகிறதா என்று பாருங்கள். டிஸ்க் 95 சதவீதம் நிரம்பும்போது பழையதை அழித்து இடம் கொடுப்பது அதுதான். உங்கள் டிஸ்க் அந்த அளவுக்கு நிரம்ப 40 நாளுக்கு மேல் ஆகும், அதுவரை காத்திருக்க வேண்டாம். வரம்பை 5 சதவீதம் ஆக்கி வையுங்கள். இரண்டொரு நாளில் பழைய பதிவு தானாக அழியத் தொடங்கினால், திரும்ப 95க்கு மாற்றிவிடுங்கள்.