வெல்வெட் கோட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், வேலை பெங்களூரில். வைகாசி இரண்டாவது வாரம் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலை ஆறரைக்கு முகூர்த்தம். மன்னார்குடியிலேயே ஏசி இல்லாத மண்டபம். ரிசப்ஷனுக்கு மெரூன் கலரில் ஒரு வெல்வெட் கோட் பார்த்து வைத்திருக்கிறேன், விலை கொஞ்சம் அதிகம்தான். அப்பா இரண்டுக்குமே பட்டு வேட்டி சட்டை போதும் என்கிறார். பெண்ணின் அண்ணன் ஷெர்வானி போடச் சொல்கிறார். எனக்கு வேட்டி கட்டிப் பழக்கம் கிடையாது. எதை எடுப்பது, எப்போது தைக்கக் கொடுப்பது?

பதில்:

தம்பி, அந்த வெல்வெட் கோட்டை எங்கே போட்டுப் பார்த்தீர்கள்? பெங்களூரில், ஏசி கடையில், ஐந்து நிமிஷம். சரிதானே? அதைப் போட்டுக்கொண்டு நிற்கப் போவது அக்னி நட்சத்திரம் முடிகிற சமயத்தில், மன்னார்குடியில், முகத்துக்கு நேரே இரண்டு வீடியோ லைட், முதுகுக்குப் பின்னால் காற்றை மறைக்கும் பூ அலங்காரம், ஆறரை மணியிலிருந்து பத்து மணி வரைக்கும். பூ கலைந்துவிடும் என்று மேடைப் பக்கத்து ஃபேனை அணைத்தே வைத்திருப்பார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைக் கொல்லும், வேர்வை வழியுமே தவிர காயாது. அதனால் முன்பணம் கொடுக்காமல் இருந்தால் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் அந்தக் கோட்டை தை மாதம் வரும் நண்பன் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கும்பகோணத்தில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக ஆண்களுக்குத் தைக்கிறேன். என்னிடம் வரும் மாப்பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் மூன்றரை மணி நேரம் போடுகிற கோட்டுக்கு மூன்று மாதம் யோசிப்பார்கள், தாலி கட்டும்போது கட்டியிருக்கப் போகிற வேட்டியை முதல் நாள் ராத்திரிதான் அட்டைப் பெட்டியிலிருந்து பிரிப்பார்கள். நாளைக்கு வீட்டுச் சுவரில் மாட்டப் போகும் படம் எது என்று யோசித்துப் பாருங்கள். அதனால் நான் வேட்டியில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

முகூர்த்தத்துக்கு 8 முழம், இரட்டை வேட்டி. 4 முழம் வேண்டாம். அது நின்றுகொண்டிருக்கும்வரை நன்றாகத்தான் இருக்கும், மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்ததும் முன்பக்கம் விலகும், ஹோமத்தில் நெய் விடவா, வேட்டியை இழுத்து விடவா என்று கை இரண்டுக்கும் அலையும். உங்கள் வழக்கத்தில் பஞ்சகச்சம் உண்டென்றால் கணக்கு வேறு, 9 முழம் வேட்டியும் 5 முழம் அங்கவஸ்திரமும் சேர்ந்த ஜோடியாகக் கேளுங்கள், கடையில் 'ஒன்பது அஞ்சு' என்றாலே எடுத்துப் போடுவார்கள். அப்புறம் பன்னா. வேட்டிக்கு நீளம் மட்டும்தான் எல்லோரும் கேட்பார்கள், அகலத்தை யாரும் கேட்பதில்லை. சாதாரணமாக 50 இஞ்ச் பன்னாதான் வரும். நீங்கள் ஆறடிக்குப் பக்கம் என்றால் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கும், பெரிய பன்னா இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

இதில் ஒரு சங்கடம், பல வீடுகளில் முகூர்த்த வேட்டி பெண் வீட்டார் எடுப்பது. அவர்கள் வேட்டி, சட்டைப் பிட், அங்கவஸ்திரம் மூன்றும் சேர்ந்த பெட்டியாக எடுத்துவிடுவார்கள். நீங்கள் நேரே சொன்னால் மாப்பிள்ளை கண்டிஷன் போடுகிறார் என்று ஆகும். உங்கள் அத்தையோ சித்தியோ பெண்ணின் அம்மாவிடம் பேச்சோடு பேச்சாக '8 முழம், பெரிய பன்னா' என்று காதில் போட்டுவிடட்டும்.

பட்டா இல்லையா என்பது அடுத்தது. 'ஆர்ட் சில்க்' என்று போட்டிருந்தால் அது செயற்கை இழை, ஆர்ட் என்றால் கலை என்று நினைத்து வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அசல் பட்டுக்கு 2004 முதல் சில்க் மார்க் முத்திரை வருகிறது, அது தொங்குகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஓரத்தில் தொங்கும் நூலில் ஒன்றை உருவிக் கொளுத்திப் பாருங்கள், பட்டு என்றால் முடி கருகிய நாற்றம் அடித்து, நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் குண்டுமணி போல இறுகும். ஆண்களுக்கான பட்டு வேட்டியில் சேலம் வெண்பட்டுக்குத் தனிப் பெயர், புவிசார் குறியீடும் வாங்கியது. பெண்ணுக்குப் பட்டெடுக்க எப்படியும் திருபுவனம் வருவீர்கள் (அங்கே நெய்யும் பட்டுப் புடவைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது), அன்றைக்கே கும்பகோணத்தில் வேட்டியும் பார்த்துவிட்டால் ஒரு நாள் மிச்சம். சரிகைக்கு ரொம்பச் செலவு செய்யாதீர்கள். அகலக் கரையில் விறைப்பான சரிகை இருந்தால் மடிப்பு நிற்காது, அங்கவஸ்திரம் கழுத்தை அறுக்கும், மேலே மாலை வேறு விழும். இரண்டு விரல் கரை போதும்.

பட்டு வேட்டி வழுக்கும். பழக்கம் இல்லாத இடுப்பில் இன்னும் வழுக்கும். இதற்குப் பயந்து வெல்க்ரோ வைத்த வேட்டி வாங்கலாமா என்பீர்கள், வாங்கலாம், கேவலம் ஒன்றும் இல்லை, ஆனால் வெல்க்ரோ உங்கள் இடுப்பளவுக்குச் சரியாக வருகிறதா என்று சாப்பிட்ட பிறகு ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். நான் சொல்வது, சாதா வேட்டிக்கு மேல் ஒரு துணி பெல்ட். இங்கேதான் ஒரு விஷயம். நம் ஊர் கடையில் பெல்ட் என்று கேட்டால் வயலுக்குப் போகிறவர்கள் கட்டுகிற அகலமான பச்சை பெல்ட்டைத்தான் கொடுப்பார்கள். ஒரு மாப்பிள்ளைக்கு நானே சட்டை தைத்தேன், சந்தனக் கலர் பட்டு, இடுப்பில் கச்சிதமாக விழுந்தது. தாலி கட்ட எழுந்து குனிந்தபோது சட்டைக்குள்ளிருந்து பச்சை தெரிந்தது பாருங்கள், வேர்வையில் பட்டு ஒட்டிக்கொண்டு, பெல்ட் பையில் வைத்திருந்த மொபைல்கூட வடிவாகத் தெரிந்தது. ஆல்பம் முழுக்க அந்தப் பச்சைக் கோடு. வெள்ளை பெல்ட் கிடைக்கிறது, தேடி வாங்குங்கள். உள்ளே போடுகிற டிராயரும் வெள்ளையோ தோல் நிறமோ இருக்கட்டும், பூப்போட்டது வேண்டாம்.

பழகுவதற்கு ஒரு வாரம் போதும். பெங்களூர் ரூமில் சாயங்காலம் காட்டன் வேட்டி கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து எழுந்திருங்கள், கையை ஊன்றாமல், பத்துத் தடவை. அவிழவில்லை என்றால் நீங்கள் தயார்.

சட்டைக்குப் பிட்டாக வருவது சின்ன பன்னா, அதாவது 36 இஞ்ச் என்றால் முழுக்கைக்கு இரண்டேகால் மீட்டர் வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் டெய்லர் அக்குளில் இழுத்துப் பிடிப்பார், பட்டு அங்கேதான் முதலில் கிழியும். உள்ளே கை வைத்த காட்டன் பனியன் கட்டாயம். சென்ட்டை சட்டை போடும் முன்பே அடித்துக் காயவிடுங்கள், பட்டில் பட்டால் கறை நிற்கும். மாலைக்காரர் தண்ணீர் தெளித்துத்தான் கொண்டுவருவார், கழுத்தில் போடும் முன் யாராவது அதை நன்றாக உதறித் துண்டில் ஒற்றி எடுக்கட்டும். ரோஜாச் சாயம் இறங்கிய பட்டுச் சட்டையை எடுத்துக்கொண்டு வருஷம் நாலு பேராவது என்னிடம் வருகிறார்கள், நான் டெய்லர், சலவைக்காரன் இல்லை என்று சொல்லி அனுப்புகிறேன்.

சரி, ரிசப்ஷன். கோட் போட ஆசை இருக்கிறது, போடுங்கள். அப்பா சொல்வதும் தப்பில்லை, ஆனால் இரண்டு நாளும் ஒரே மாதிரி படம் வேண்டாம் என்று பெண்ணும் நினைக்கலாம், அவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள், உங்கள் கடிதத்தில் அவர் பேச்சே இல்லை.

துணி விஷயத்தில் ஒரு கணக்கு. காற்றின் ஈரத்தை ஒரு துணி எவ்வளவு தனக்குள் வாங்கும் என்று ஜவுளித் தொழிலில் ஒரு அளவு உண்டு. பருத்தி தன் எடையில் 8 சதவீதம்போல, பட்டு 11, கம்பளி 16. பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. கடையில் பளபளவென்று தொங்கும் ரெடிமேட் கோட்டில் மேல் துணி பாலியஸ்டர், உள்ளே லைனிங்கும் பாலியஸ்டர், அப்படியானால் வேர்வைக்குப் போக வழியே இல்லை. கம்பளி என்றதும் ஊட்டி ஸ்வெட்டர் ஞாபகம் வரும், இது அது இல்லை. மெல்லிய நூலில் இடைவெளி விட்டு நெய்த வெயில்கால கம்பளிச் சூட்டுத் துணி கையில் பிடித்து லைட்டில் காட்டினால் வெளிச்சம் ஊடுருவும். அது கட்டுப்படியாகவில்லை என்றால் டெரி உல், அதாவது பாலியஸ்டரும் கம்பளியும் கலந்தது. லினன் குளுமைதான், ஆனால் அரை மணியில் கசங்கி, மாப்பிள்ளை பஸ்ஸில் வந்த மாதிரி இருக்கும். லைனிங் ரேயானில், முதுகில் பாதிக்கு மட்டும் வைக்கச் சொல்லுங்கள். பேன்ட்டும் கோட்டும் சேர்ந்து பெரிய பன்னாவில் மூன்றேகால் மீட்டர் ஆகும்.

கலர் கருநீலமோ கரும்பச்சையோ எடுங்கள். மெரூன் வேண்டாம் என்பதற்குக் காரணம் ஃபேஷன் இல்லை. பெண்ணின் ரிசப்ஷன் புடவை அரக்கோ வாடாமல்லியோ என்றால், பின்னால் மேடைத் திரையும் சிவப்பாக இருந்தால், படத்தில் நீங்கள் மூவரும் ஒன்றாகக் கரைந்துபோவீர்கள். புடவையை வெயில் வெளிச்சத்தில் ஒரு போட்டோ அனுப்பச் சொல்லி, அதைக் கையில் வைத்துக்கொண்டு துணி பாருங்கள்.

கோட்டில் பார்க்க வேண்டியது தோள். தோள் தையல் தோள் எலும்பு முடிகிற இடத்திலேயே முடிய வேண்டும். இடுப்பைப் பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம், பேன்ட்டைப் பிரித்து விடலாம், தோள் தப்பினால் மறு தையல் கிட்டத்தட்டப் புதுக் கோட்டுக்குச் சமம். சட்டைக் கை அரை இஞ்ச் வெளியே தெரியட்டும். என் கல்யாணத்துக்கு நான் போட்டது ஒன்றுவிட்ட அண்ணனின் கோட், டெய்லர் வீட்டுக் கல்யாணம் வேறு! ரிசப்ஷன் படத்தில் எனக்கு விரல் நுனிதான் தெரியும், உள்ளங்கை கிடையாது. முப்பது வருஷமாக வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் துணி கொடுக்கிறார்கள், அது அவர்கள் தைரியம்.

வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. தோள் பொருந்தினால் தாராளமாக எடுக்கலாம், இரண்டாம் தடவை நீங்கள் அந்தக் கோட்டைப் போடப் போவதில்லை என்றால் அதுதான் புத்திசாலித்தனம்.

ஷெர்வானி பற்றி மச்சானிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். முழங்கால் வரை கனமான எம்ப்ராய்டரி, கழுத்து வரை மூடிய பொத்தான், கீழே சுருங்கின பேன்ட், வைகாசிக்கு அது தண்டனை. அவர் விடவில்லை என்றால் லேசான துணியில் ஜோத்பூரி கோட், டை வேண்டாம், ஆனால் அதுவும் கழுத்தை மூடும். எனக்கு ஒரு ஆசை உண்டு, யாரும் கேட்பதில்லை, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்: வேட்டிக்கு மேல் மூடிய கோட். வலங்கைமானில் பிறந்த, வெள்ளைக்காரன் காலத்தில் ஆங்கிலப் பேச்சுக்குப் பேர்போன சீனிவாச சாஸ்திரியின் பழைய படத்தைப் பாருங்கள், கோட், தலைப்பாகை, தோளில் அங்கவஸ்திரம், அந்தக் காலத்துத் தஞ்சை ஜில்லாவின் ஃபார்மல் டிரஸ் அப்படித்தான். உங்கள் அப்பாவும் ஒத்துக்கொள்வார். தலைப்பாகை உங்கள் இஷ்டம்.

நாள் கணக்கு இதுதான். வைகாசி முகூர்த்த சீசனில் எங்கள் கடையில் உட்கார இடம் இருக்காது, கோட்டுக்கு 45 நாள் முன்பே அளவு கொடுத்துவிடுங்கள். வெள்ளை நூலில் ஓட்டித் தைத்து ஒரு ட்ரையல், முடித்த பிறகு ஒன்று. கடைசி ட்ரையலை கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது வையுங்கள், ஏனென்றால் நிச்சயம் ஆனதில் இருந்து வீடு வீடாக விருந்து, எல்லா மாப்பிள்ளைக்கும் இடுப்பு ஏறும். தையலுக்குள் ஒரு இஞ்ச் துணி விடச் சொல்லி வையுங்கள். ட்ரையல் அன்று கடை ஃபேனை அணைக்கச் சொல்லிவிட்டு இருபது நிமிஷம் கோட்டோடு நில்லுங்கள். டெய்லர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

ஷூ புதுசாக இருந்தால் ஒரு வாரம் வீட்டுக்குள் போட்டு நடங்கள். மாப்பிள்ளை அறையில் இஸ்திரிப் பெட்டி இருக்கிறதா என்று மண்டபத்தில் இப்போதே கேட்டுவிடுங்கள், இல்லையென்றால் வீட்டிலிருந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போங்கள். பட்டை உள்பக்கம் திருப்பி, மேலே ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டு, குறைந்த சூட்டில் தேய்க்க வேண்டும். அந்த வேலையைத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள், காலை நாலரை மணிக்கு நண்பர்கள் கையில் கொடுத்துவிடாதீர்கள்.