மகன் இலங்கை ரீசேட் கேட்கிறான்

கேள்வி: எனக்கு 44 வயது. சொந்த ஊர் மானிப்பாய். 1995 இடப்பெயர்வில் வன்னிக்குப் போய், பிறகு கனடா வந்து சேர்ந்தேன். இப்போது ஸ்காபரோவில் மனைவி, 12 வயது மகனோடு இருக்கிறேன். மகனின் பள்ளிக்கூடத்தில் பன்முகக் கலாசார நாள் வருகிறது. தாய் தகப்பனின் நாட்டைக் காட்டுகிற மாதிரி உடுத்திக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். அவன் இலங்கைக் கிரிக்கெற் அணியின் நீல ரீசேட் வாங்கித் தரச் சொன்னான். நான் கத்திவிட்டேன். பிள்ளை சாப்பிடாமலே படுத்துவிட்டான். ஆனால் இலங்கை விளையாடினால் விடியப்புறம் எழும்பி, சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்ப்பவன் நான். 1996 இறுதியாட்டத்தைக் கிளிநொச்சியில் சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ பூட்டிக் கேட்டுத் துள்ளியவன். அதே நான் 2022இல் அங்கே பெற்றோலுக்கு வரிசை நின்றபோது 'நல்லா வேணும்' என்று மனதுக்குள் சொன்னேன். என் அக்காவும் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றா என்பது அப்புறம்தான் உறைத்தது. கிரிக்கெற் பார்ப்பவன் துரோகி என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அந்த நாடு எனக்கு என்ன முறை? மகனுக்கு என்ன சொல்வது?
— பெயர் வேண்டாம், ஸ்காபரோ

பதில்: தம்பி, முதலில் பிள்ளையின் விஷயம். ரீசேட்டை வாங்கிக் கொடுங்கள். கத்தியதற்கு இன்றைக்கே அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். அவன் கேட்டது அப்பா ரகசியமாகப் பார்க்கிற ஒன்றை. நீங்கள் எவ்வளவுதான் சத்தத்தைக் குறைத்தாலும், விடியப்புறம் எழும்பியிருக்கும் தகப்பனைப் பிள்ளைகள் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள்.

கொடி வேறு விஷயம். சிங்கக்கொடியைக் கையில் கொடுத்து அனுப்பத்தான் வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. மனம் வராவிட்டால் விடுங்கள். அந்தக் கொடியை நீங்கள் சோதனைச்சாவடிகளில் பார்த்து வளர்ந்தவர். அதை வடிவமைத்தபோதே சிக்கல் இருந்தது. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் என்று செம்மஞ்சளும் பச்சையுமாக இரண்டு பட்டிகளைச் சிங்கத்தின் கட்டத்துக்கு வெளியே வைத்தார்கள். கொடிக் குழுவில் இருந்த செனட்டர் நடேசன் அதற்கு உடன்படவில்லை. 1951இலேயே ஒருவர் சொன்ன ஆட்சேபணை அது. உங்கள் மனக்குறை மட்டும் என்று நினைக்காதீர்கள். மகனுக்கு இதைப் படம் போட்டே விளக்கலாம்.

இனி உங்கள் சைக்கிள் டைனமோவுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்திய இடம் அதுதான். வடக்கில் பற்றரிக்குத் தடை இருந்த காலம். அந்தத் தடையைப் போட்ட அரசின் அணி லாகூரில் வெல்லவேண்டும் என்று, அதே தடையால் கரண்டும் பற்றரியும் இல்லாத பொடியன்கள் முறைவைத்துப் பெடல் சுற்றியிருக்கிறீர்கள். சுற்றுவது தளர்ந்தால் வர்ணனையும் தேய்ந்துபோகும். அரவிந்த டி சில்வா அடித்த 107 ஓட்டங்களையும் உங்கள் கைவலியோடுதான் கேட்டிருப்பீர்கள்.

அந்தக் காலத்தை ஒருமுறை அடுக்கிப் பாருங்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு, உங்கள் மானிப்பாயும் சேர்ந்த வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் நடந்தது. டிசம்பர் 5 யாழ்ப்பாணத்தில் சிங்கக்கொடி ஏற்றினார்கள். சரியாக மூன்று வாரம் கழித்து, மெல்பேர்னில் இலங்கைப் பந்துவீச்சாளர் முத்தையா முரளிதரன் பந்தை வீசாமல் எறிகிறார் என்று, நடுவர் ஏழு தடவை நோபோல் சொன்னார். முரளி கண்டித் தமிழர். 1977 கலவரத்தில் அவருடைய தகப்பனின் பிஸ்கற் தொழிற்சாலையை எரித்தார்கள். 1999இல் அடிலெய்டில் மறுபடி அதே குற்றச்சாட்டு வந்தபோது, தலைவர் அர்ஜுன ரணதுங்க அணியை எல்லைக்கோடு வரை கூட்டிக்கொண்டு போய் நின்றார். ஒரு தமிழனுக்காகச் சிங்களத் தலைவர் ஒருவர் மைதானத்தையே விட்டு வெளியேறத் தயாரானதும், தமிழரை ஊரோடு கிளப்பியதும் ஒரே நாட்டின் கதைதான், சில வருட இடைவெளிக்குள் நடந்தவை. ஒன்று மற்றதைக் கழுவிவிடாது. முரளியின் அரசியல் பேச்சுகள் பிறகு எங்கள் ஆட்களில் பலரை நோகடித்தன என்பதும் உண்மை. இவ்வளவும் சேர்ந்ததுதான் உங்களுக்குள் இருக்கிறது. அதில் குழப்பம் இல்லாவிட்டால்தான் நான் கவலைப்படுவேன்.

அந்த நாடு உங்களுக்கு என்ன முறை என்று கேட்கிறீர்கள். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தவர்களும், 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் கொண்டுவந்தவர்களும், 1983இல் வீடு வீடாகத் தேடி வந்தவர்களும் திருப்பித் திருப்பிச் சொன்னது ஒன்றுதான்: இது உன்னுடையது இல்லை. நீங்களும் கோபத்தில் கடல், பனை, கிரிக்கெற் எல்லாவற்றையும் அவர்களிடமே விட்டுவிட்டு 'எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை' என்றால், அவர்கள் எழுதியதற்குக் கீழே நீங்களே கையெழுத்துப் போடுகிறீர்கள். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. உரிமை உள்ளவன்தான் கோபப்படவும் முடியும், கணக்குக் கேட்கவும் முடியும். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தெருவோரம் உட்கார்ந்த அம்மாக்கள், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத்தான் அங்கே இருந்தார்கள். அந்த அரசை அவர்கள் நேசிக்கவில்லை. ஆனாலும் பதில் சொல்ல வேண்டிய கடன் அதற்கு இருக்கிறது என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை.

2022இல் நீங்கள் நினைத்ததை நினைத்து நீங்களே உங்களை அடித்துக்கொள்ள வேண்டாம். 2009 மே மாதம் போர் வெற்றியைக் கொண்டாடிக் கொழும்புத் தெருக்களில் பாற்சோறு பரிமாறியதைப் பார்த்த எவருக்கும் அந்த நினைப்பு எட்டிப் பார்த்திருக்கும். ஆனால் அதோடு நிற்காதீர்கள். பெற்றோல் வரிசை இனம் பார்க்கவில்லை. மண்ணெண்ணெய் இல்லாமல் எங்கள் மீனவர்களும் கடலுக்குப் போக முடியாமல் இருந்தார்கள். அதே 2022 மே 18 அன்று, அரசுக்கு எதிரான காலிமுகத்திடல் போராட்டக்களத்தில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்தது; போரின் கடைசி நாட்களில் எங்கள் சனம் குடித்து உயிர் பிடித்த கஞ்சியின் நினைவாகக் கஞ்சி கொடுத்தார்கள். அங்கே நின்ற சிங்கள இளைஞர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கஞ்சியின் கதை முழுதாக விளங்கியது என்று சொல்ல முடியாது. நீதி ஒன்றும் அதனால் கிடைத்துவிடவில்லை. இருந்தாலும் கொழும்பின் நடுவில் அது நடந்தது என்பதை நான் சின்ன விஷயமாக எடுக்க மாட்டேன்.

துரோகி என்கிற நண்பர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள். புறக்கணிப்பதற்கு அவர்களிடம் நேர்மையான காரணம் இருக்கிறது. பார்க்காமல் இருப்பது அவர்கள் உரிமை. பார்ப்பதற்கு அவர்களிடம் அனுமதி வாங்க வேண்டிய தேவை உங்களுக்கும் இல்லை. ஆனால் இனிமேல் சத்தத்தைக் கூட்டிவைத்து, மகனையும் பக்கத்தில் இருத்திப் பாருங்கள்.

அவனிடம் கதை சொல்லும்போது எங்கள் பக்கத்துக் கணக்கையும் மறைக்க வேண்டாம். 1990 ஒக்ரோபரில் வடக்கின் முஸ்லிம்களை ஒரு சில நாட்களுக்குள் புலிகள் விரட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்தது சில மணித்தியாலம்தான். 1996 ஜனவரி 31 மத்திய வங்கியில் வெடித்த குண்டு, வேலைக்கு வந்த சாதாரண சனத்தைக் கொன்றது. 12 வயது இதையெல்லாம் கேட்கக்கூடிய வயதுதான். நாங்கள் சொல்லாமல் விட்டதைப் பிறகு வேறு எங்காவது படித்தால், நாங்கள் சொன்ன உண்மைகளையும் அவன் நம்ப மாட்டான்.

முடிந்தால் ஒரு மார்ச் மாதம் அவனை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பள்ளிக்கூட விடுமுறையும் அப்போதுதான் வரும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் சென்ட் ஜோன்ஸுக்கும் இடையிலான 'வடக்கின் போர்' கிரிக்கெற் ஆட்டம் அந்த மாதத்தில்தான் வழமையாக நடக்கும்; 1904இல் தொடங்கியது. மத்திய கல்லூரியில் படித்த வியாஸ்காந்த் இலங்கை அணிக்கு விளையாடி, 2024இல் ஐபிஎல்லில் ஹைதராபாத் அணிக்கும் பந்து போட்டார் என்று சொன்னால் உங்கள் மகன் கண்ணை விரிப்பான். பாண்ட் வாத்தியமும் பழைய மாணவர்களின் ஆட்டமுமாக அந்த மைதானமே வேறு உலகம். மதிய இடைவேளையில் வெளியே வந்தால் யாழ்ப்பாண நூலகம் பக்கத்திலேயே இருக்கிறது. 1981இல் எரிந்த கட்டடம் என்று அவனுக்குச் சொல்லுங்கள். யார் எரித்தார்கள் என்று கேட்பான். அதையும் சொல்லிவிட்டு, ஆட்டம் மறுபடி தொடங்கமுதல் திரும்பப் போய் உட்காருங்கள். அக்காவையும் கூட வரச் சொல்லுங்கள். அந்த மண்ணெண்ணெய் வரிசைக் கதையை அவ வாயாலேயே பிள்ளை கேட்கட்டும்.